ரிலீஃப் பிட்சர் அடி வாங்கும்போது: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்கப் பேஸ்பாலில் தொடக்கப் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) அடுத்து, ஆட்டத்தின் நடுவில் இறங்கி வீசும் ஒரு ரிலீஃப் பிட்சர் இரண்டு வாரத்தில் மூன்று ஆட்டங்களைக் கைநழுவ விட்டால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி "இன்றைக்கே வெளியே அனுப்பு" என்கிறது. மறு கட்சி "கொஞ்சம் பொறு, சரியாகிவிடுவார்" என்கிறது. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே எண், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் போன ரன்னைச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. ரன் போனதை அது சொல்லும். ஏன் போனது என்று சொல்லாது. காரணம் தெரியாமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

ஈ.ஆர்.ஏ. கணக்கு எளிது. விட்டுக்கொடுத்த ரன்களை (தடுப்பாட்டக்காரர் பிழையால் வந்தவை நீங்கலாக) 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். தொடக்கப் பிட்சர் ஒரு பருவத்தில் 160, 180 இன்னிங்ஸ் வீசுவார். ரிலீஃப் பிட்சருக்கு 60, 65 இன்னிங்ஸ்தான். ஜூன் இறுதியில் அவர் கணக்கில் 30 இன்னிங்ஸ் இருக்கும். அதில் ஒரே இரவில் நான்கு ரன் போயிருந்தால், அந்த ஒரு இரவு மட்டும் ஈ.ஆர்.ஏ.வை 1.20 கூட்டிவிடும். போதாக்குறைக்கு, அவர் பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில்) விட்டுப்போன ரன்னர்களை அடுத்து வருபவர் உள்ளே விட்டால், அந்த ரன்களும் இவர் கணக்கில்தான் ஏறும்.

எனவே ஈ.ஆர்.ஏ.வை ஓரமாக வைத்துவிட்டுக் கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். பேஸ்பால் சாவன்ட், ஃபேன்கிராஃப்ஸ் ஆகிய இரண்டு இலவசத் தளங்களுக்குள் இங்கே சொல்லும் எண்களில் பெரும்பாலானவை கிடைக்கும்.

அறிகுறி: ஃபாஸ்ட்பால் வேகம் இறங்கியிருக்கிறது

வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மற்ற கோளாறுகளுக்குக் காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்கக் கூடாது.

சாவன்டில் அந்தப் பிட்சரின் பக்கத்தைத் திறந்து, ஃபோர்-சீம் அல்லது சிங்கரின் (இரண்டும் ஃபாஸ்ட்பால் வகைகள்) சராசரி வேகத்தை மாதவாரியாக எடுங்கள். பலர் தவறுவது ஒப்பிடும் இடத்தில்தான். இந்த ஏப்ரலைப் போன ஆண்டு ஆகஸ்டோடு ஒப்பிடக் கூடாது. குளிர் காலத்தில் தோள் இளகாது. பெரும்பாலான பிட்சர்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் மணிக்கு அரை மைலிலிருந்து ஒரு மைல் வரை தானாகவே ஏறும். ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தும் ஒரு மைலுக்கு மேல் குறைந்திருந்தால் அது உண்மையான இறக்கம். இரண்டு மைல் என்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அடுத்து, பந்து கையை விட்டுப் பிரியும் இடத்தின் உயரத்தைப் பாருங்கள். வேகமும் குறைந்து, இந்த உயரமும் வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்தால் தோள் சோர்ந்திருக்கிறது, அல்லது வலியைத் தவிர்க்கக் கை வேறு பாதையைத் தேடுகிறது. இரண்டு அங்குல மாற்றமே கவனிக்கத்தக்கது. ஆனால் ஒரே மைதானத்தின் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மைதானத்துக்கு மைதானம் அளவுக் கருவியில் சிறு வேறுபாடு உண்டு. இரண்டு மூன்று ஊர்களிலும் அதே போக்கு தெரிந்தால் நம்பலாம்.

வேகம் குறைவதும், குறி தவறுவதும், பக்கவாட்டில் திரும்பும் ஸ்லைடரின் சுழற்சி குறைவதும் ஒரே நேரத்தில் வந்தால் முழங்கையைச் சந்தேகிக்க வேண்டும். பந்து வீசியபின் கையை உதறுவது, ஒவ்வொரு பந்துக்கும் நடுவே விரலைத் தேய்ப்பது போன்றவை தொலைக்காட்சியிலேயே தெரியும். இந்த நிலையில் "மனஉறுதி இல்லை" என்று ஒருவரைத் திட்டுவது அநியாயம். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை வரை போனால் திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும். 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்த அந்தச் சிகிச்சை பல பிட்சர்களுக்கு இரண்டாம் வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பருவத்தை அது திருப்பித் தராது.

செய்ய வேண்டியது 15 நாள் காயப் பட்டியல். பிட்சர்களுக்கு அதுதான் குறைந்தபட்சம். அதன் பிறகு பெரிய லீக்குக்குக் கீழ்நிலையான சிறு லீக்கில் மறுவாழ்வு ஆட்டங்கள், அதிகபட்சம் 30 நாள். அங்கே அவர் எத்தனை ரன் கொடுத்தார் என்பதைப் பார்க்காதீர்கள். வேகம் திரும்பியதா, அடுத்தடுத்த நாளில் வீச முடிந்ததா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

வேகம் குறைந்து, பரிசோதனையில் உடம்பு சரியாகவே இருந்து, வயது 34, 35 என்றால் அது வேறு நோய். அந்த வேகம் பெரும்பாலும் திரும்பாது. அந்த நிலையில் ஃபாஸ்ட்பாலைக் குறைத்து, கட்டர் (கடைசியில் சற்றே விலகும் பந்து), சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் போலத் தோன்றும் மெதுவான பந்து), ஸ்லைடர் என்று கலவையை மாற்றினால்தான் பிழைப்பு.

அறிகுறி: ஈ.ஆர்.ஏ. மட்டும் ஏறியிருக்கிறது, மற்றதெல்லாம் பழையபடி இருக்கிறது

எஃப்.ஐ.பி. கணக்கு இங்கேதான் உதவும். தடுப்பாட்டக்காரர்களின் கை படாத மூன்று விஷயங்களை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. ஹோம் ரன்னை (சுவரைத் தாண்டிப் போகும் அடியை) 13-ஆல் பெருக்குங்கள். வாக்கையும் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸையும்), பந்து உடம்பில் பட்டுக் கிடைத்த பேஸையும் கூட்டி 3-ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். ஸ்ட்ரைக்அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவதை) 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். வருவதை இன்னிங்ஸால் வகுத்து, ஏறத்தாழ 3.10 கூட்டுங்கள். அந்த 3.10 ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. 30 இன்னிங்ஸ், 130 பேட்டர்கள், 40 ஸ்ட்ரைக்அவுட், 10 வாக், உடம்பில் பட்டது 1, ஹோம் ரன் 3, விட்டது 18 ரன். ஈ.ஆர்.ஏ. 5.40. ரசிகர்கள் கொதிப்பார்கள். எஃப்.ஐ.பி.யைப் போட்டால் 39-உம் 33-உம் சேர்ந்து 72, அதில் 80 போக மைனஸ் 8. 30-ஆல் வகுத்து 3.10 கூட்டினால் 2.83. ஒருவருக்கே இரண்டு எண்கள், நடுவில் இரண்டரை ரன் இடைவெளி.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? 130 பேரில் ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் எல்லாம் போக 76 பந்துகள் மைதானத்துக்குள் விழுந்தன. லீக் சராசரியில் அதில் 0.290 முதல் 0.300 வரை ஹிட் (பேட்டர் பத்திரமாகப் பேஸ் சேரும் அடி) ஆகும், அதாவது 23 ஹிட். இவருக்கு 29 விழுந்திருந்தால் விகிதம் 0.382. மூன்று மாதத்தில் ஆறே ஆறு ஹிட் கூடுதல். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஓரடி இடப்பக்கம் நின்றிருந்தால் அதில் இரண்டு அவுட். பேஸில் வந்த ரன்னர்களில் எத்தனை பேர் ரன் எடுக்காமல் நின்றார்கள் என்பதையும் பாருங்கள். லீக் சராசரி ஏறத்தாழ 72 சதவீதம். அது 60-க்குக் கீழே இருந்தால், கொடுத்த ஹிட்கள் எல்லாம் ஒரே இன்னிங்ஸில் வரிசையாக விழுந்திருக்கின்றன.

2025-இல் நியூயார்க் யாங்கீஸுக்கு வந்த டெவின் வில்லியம்ஸ் இதற்கு நல்ல சான்று. ஏப்ரலிலேயே, கடைசி இன்னிங்ஸில் வெற்றியைக் காக்கும் குளோசர் இடம் போனது. பருவம் முடிந்தபோது ஈ.ஆர்.ஏ. 4.79. ஆனால் 62 இன்னிங்ஸில் 90 ஸ்ட்ரைக்அவுட். அந்தக் குளிர்காலத்தில் மெட்ஸ் அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஈ.ஆர்.ஏ.வை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பணத்தை யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "எல்லாம் துரதிர்ஷ்டம்" என்று சொல்லித் தப்பிப்பது எளிது. அப்படிச் சொல்வதற்கு முன் பந்து எவ்வளவு பலமாக அடிபட்டது என்று பாருங்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் மட்டையை விட்டுப் போனால் அது பலமான அடி. லீக்கில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பந்துகள் அப்படிப் போகும். இவருக்கு ஐந்துக்கு மேல் போகிறது என்றால் 0.382 அதிர்ஷ்டக் கணக்கு அல்ல, உழைத்து வாங்கிய அடி. அப்போது அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: வேகம் இருக்கிறது, ஆனால் யாரும் ஏமாறுவதில்லை

மட்டையை வீசியும் பந்து படாமல் போகும் விகிதத்தை எடுங்கள். எல்லாப் பந்துகளையும் சேர்த்து லீக் சராசரி 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நல்ல குளோசருக்கு 15-க்கு மேல். இந்த எண் சரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று. மூன்றையும் பிரித்துப் பார்க்கும் வழி இருக்கிறது.

முதல் காரணம், பந்தின் நடை மாறியிருக்கிறது. ஸ்லைடர் பக்கவாட்டில் எத்தனை அங்குலம் போகிறது, ஃபோர்-சீம் விழாமல் எத்தனை அங்குலம் தாங்கி நிற்கிறது என்பதைப் போன ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஃபோர்-சீமுக்கு 16 அங்குலம் சராசரி, 18-க்கு மேல் என்றால் பேட்டர்கள் பந்துக்கு அடியில் வீசுவார்கள். 18 இருந்தவருக்கு 15 ஆகிவிட்டது என்றால் வேகம் 97 இருந்தும் பயனில்லை. பிடி மாறியிருக்கலாம், கை தாழ்ந்திருக்கலாம். 2021 ஜூன் 21 முதல் ஒட்டுப்பொருள் சோதனையை நடுவர்கள் கடுமையாக்கியபோது சுழற்சி குறைந்து தவித்தவர்கள் பலர்.

இரண்டாவது, பந்து சரியாகத்தான் திரும்புகிறது, விழும் இடம் தவறு. சாவன்டின் வெப்ப வரைபடத்தில் ஸ்லைடரை மட்டும் தேர்ந்தெடுங்கள். சிவப்பு நிறம் (பந்து அதிகம் விழுந்த இடம்) பிளேட்டின் (பேட்டர் முன்னுள்ள இலக்கின்) கீழ் ஓரத்தில் இருக்க வேண்டும். அது நடுவில் வந்து உட்கார்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. எட்வின் டியாஸுக்கு 2019-இல் நடந்தது பெரும்பாலும் இதுதான். முந்தைய ஆண்டு சியாட்டிலில் 57 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), 73 இன்னிங்ஸுக்கு வெறும் 5 ஹோம் ரன். நியூயார்க் மெட்ஸுக்கு வந்த முதல் ஆண்டில் 58 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன், ஈ.ஆர்.ஏ. 5.59. ஆனால் அதே 58 இன்னிங்ஸில் 99 ஸ்ட்ரைக்அவுட். வேகம் கையில் இருந்தது, ஸ்லைடர் நடுவில் தொங்கியது. விரட்டச் சொன்னவர்களின் குரல் அன்று பெரிதாக ஒலித்தது. மெட்ஸ் வைத்துக்கொண்டது. 2022-இல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 1.31, அதன்பின் 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம்.

மூன்றாவது, அவர் என்ன வீசப் போகிறார் என்று பேட்டருக்கு முன்கூட்டியே தெரிகிறது. இதற்குத் தனி அடையாளம் உண்டு. நடை மாறவில்லை, இடமும் மாறவில்லை, ஆனாலும் பிளேட்டுக்கு வெளியே கீழே விழும் நல்ல ஸ்லைடரை ஒருவரும் துரத்துவதில்லை. ரன்னர் இரண்டாம் பேஸில் நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். 2022-இல், சைகைக்குப் பதில் மின்னணுக் கருவி மூலம் பந்தைச் சொல்லும் பிட்ச்காம் வந்தபிறகு கேட்சரின் விரல் சைகையைத் திருடும் வேலை ஏறக்குறைய ஒழிந்தது. பிட்சரின் கையுறை மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. சேஞ்சப்புக்கு விரலை அகட்டிப் பிடிக்கும்போது கையுறை விரியும். ஃபாஸ்ட்பாலுக்கு மார்பிலும் ஸ்லைடருக்கு வயிற்றிலும் கையுறையை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆட்டத்தின் காணொளியில் ஃபாஸ்ட்பால் பத்தையும் ஸ்லைடர் பத்தையும் பந்து கையை விட்டுப் போவதற்கு முந்தைய கணத்தில் நிறுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரிந்தால் எதிரணிக்கு அது ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். திருத்தம் சுலபமானது. எல்லாப் பந்துக்கும் கையுறைக்குள் ஒரே பிடியில் தொடங்கி, கை பின்னால் போகும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரப் பயிற்சியில் சரியாகும் கோளாறு இது. இதற்காக ஒருவரை அணியை விட்டு நீக்குவது பெரிய நஷ்டம்.

நடையும் நல்லது, இடமும் நல்லது, கலவை மட்டும் தவறு என்ற நிலையும் உண்டு. ரயன் பிரெஸ்லி மின்னசோட்டாவில் நல்ல நடுத்தர ரிலீஃப் பிட்சராக இருந்தவர். 2018 ஜூலையில் ஹியூஸ்டனுக்கு வந்ததும் சிங்கரை ஒதுக்கி, கர்வ்பாலை (வளைந்து கீழே விழும் பந்தை) கூட்டினார்கள். அடுத்த ஆண்டுக்குள் தொடர்ந்து 40 ஆட்டங்களில் ரன் கொடுக்காத சாதனை அவருடையது. கையில் இருந்த பந்துகள் பழையவைதான். எதை எத்தனை முறை வீசுவது என்பதுதான் மாறியது.

அறிகுறி: வாக் கூடிக்கொண்டே போகிறது

லீக் சராசரி 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ரிலீஃப் பிட்சருக்கு 10 வரை பொறுக்கலாம், ஸ்ட்ரைக்அவுட் 30-க்கு மேல் இருந்தால் 12 கூடப் பொறுக்கலாம். 15 என்றால் எந்த வேகமும் காப்பாற்றாது.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடியுங்கள். அவர் பிளேட்டுக்கு மேல் வீசும் விகிதம் குறைந்ததா, அல்லது பேட்டர்கள் வெளிப்பந்தைத் துரத்துவது குறைந்ததா? சராசரியில் வெளிப்பந்துகளில் பத்துக்கு மூன்றைத் துரத்துவார்கள். துரத்துவது குறைந்ததால் வாக் கூடியிருந்தால் கோளாறு குறியில் இல்லை, மேலே சொன்ன மூன்று காரணங்களில் இருக்கிறது. வீசும் இடமே தவறினால், எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள். வீசும் கைப் பக்கம் மேலே ஓடினால், முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, கை பின்தங்குகிறது. கையுறைப் பக்கம் கீழே புதைந்தால் பந்தைத் தாமதமாக விடுகிறார், அல்லது உடம்பு குறுக்கே இழுக்கிறது. ஒரே பக்கம் தவறுவது நல்ல செய்தி, அதைப் பயிற்சியாளர் திருத்த முடியும். நான்கு பக்கமும் சிதறினால் கவலைப்பட வேண்டும்.

முதல் பந்து ஸ்ட்ரைக் (இலக்குக்குள் விழுவது அல்லது பேட்டர் தவறவிடுவது) விகிதமும் இதனுடன் சேர்ந்தது. 60 சதவீதம் சராசரி. 50-க்கு இறங்கினால் பாதிப் பேட்டர்களிடம் பின்தங்கியே தொடங்குகிறார். பிறகு ஃபாஸ்ட்பாலை நடுவில் போட்டுத்தான் மீள வேண்டும். ஹோம் ரன்னும் அங்கேதான் பிறக்கிறது.

சிதறலின் கடைசி எல்லை, பந்து வீசவே கை மறந்துபோவது. பாஸ்டனின் டேனியல் பார்ட் அருமையான எட்டாவது இன்னிங்ஸ் பிட்சராக இருந்தார். 2012-இல் அவரைத் தொடக்கப் பிட்சராக மாற்றினார்கள். 59 இன்னிங்ஸில் 43 வாக். அடுத்த ஆண்டு இரண்டே ஆட்டம், அதோடு பெரிய லீக் முடிந்தது. ஏழாண்டுக்குப் பிறகு 2020-இல் கொலராடோவுக்கு வந்து, நேஷனல் லீக்கின் மீண்டு வந்த வீரர் விருதைப் பெற்றார். 2022-இல் 34 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.79. இந்தக் கோளாறுக்குப் பந்து நடையில் மருந்து இல்லை. கூச்சல் நிறைந்த மைதானத்திலிருந்து அவரை விலக்கி வைப்பதே முதல் உதவி. 2023 தொடக்கத்தில் பார்ட் பதற்றம் காரணமாகவே காயப் பட்டியலில் சேர்ந்தார். அதை வெளிப்படையாகச் சொன்னார், அதற்கு மரியாதை தர வேண்டும்.

அறிகுறி: ஹோம் ரன் மட்டும்தான் பிரச்சினை

உயரே போகும் பந்துகளில் எத்தனை சுவரைத் தாண்டுகின்றன என்று பாருங்கள். 10 முதல் 13 சதவீதம் வழக்கம். 25 என்றால் அது பெரும்பாலும் நிலைக்காது, இறங்கிவிடும். ஆனால் உயரே போகும் பந்துகளின் எண்ணிக்கையே கூடியிருந்தால் இறங்காது. கிரெய்க் கிம்ப்ரல் 2019-இல் ஜூன் மாதம்தான் சிகாகோ கப்ஸில் ஒப்பந்தமானார். வசந்தகாலப் பயிற்சியே இல்லாமல் வந்து, 20 இன்னிங்ஸில் 9 ஹோம் ரன், ஈ.ஆர்.ஏ. 6.53. "முடிந்துபோனவர்" என்று எழுதாதவர்கள் குறைவு. 2021-இல் அதே கப்ஸுக்கு ஜூலை வரை ஈ.ஆர்.ஏ. 0.49. சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாறியதும் அங்கே 5.09. ஒரே ஆள், ஒரே ஆண்டு. ரிலீஃப் பிட்சரின் இருபது இன்னிங்ஸை நம்பி இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அறிகுறி: எதிர்க்கைப் பேட்டரிடம் மட்டும் அடி

வலக்கைப் பிட்சருக்கு இடக்கைப் பேட்டர், இடக்கைப் பிட்சருக்கு வலக்கைப் பேட்டர். 2020-க்கு முன் இது பெரிய சிக்கலே இல்லை, ஒரே பேட்டருக்காக ஆளை மாற்றலாம். அந்த ஆண்டு முதல் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். சிங்கரும் ஸ்லைடரும் மட்டுமே உள்ள பிட்சரை இந்த விதி பிடித்துக்கொண்டது. மருந்து மூன்றாவது பந்து, பொதுவாகச் சேஞ்சப் அல்லது கட்டர். அதைக் கற்க ஒரு குளிர்காலம் வேண்டும், ஜூலையில் கேட்டால் கிடைக்காது. அதுவரை மேனேஜர்தான் வரிசையைப் பார்த்து இறக்க வேண்டும். தவறான மூவருக்கு எதிரே இறக்கிவிட்டு பிட்சரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அறிகுறி: பேஸில் ஆள் இருந்தால் மட்டும் சரிகிறார்

காலை உயர்த்தத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கையில் விழும் வரை கடிகாரம் பிடியுங்கள். 1.3 நொடி நல்லது, 1.5-ஐத் தாண்டினால் ரன்னர்கள் திருடுவார்கள். 2023-இல் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18-ஆக்கி, ரன்னரை நோக்கி வீசுவதை இரண்டு முறைக்குக் கட்டுப்படுத்தியபின், லீக்கில் பேஸ் திருட்டு 2,486-இலிருந்து 3,503-க்கு ஏறியது. வேகமாக வீச முயன்று குறி தவறுகிறவர்களும் உண்டு. பேஸில் ஆள் இருக்கும்போது 18 நொடிக்குள் பந்து வீசத் தொடங்க வேண்டும், ஆள் இல்லாதபோது 15. மெதுவாக யோசித்து வீசிப் பழகிய மூத்த பிட்சர்களுக்கு இது உண்மையான இடைஞ்சல். எப்போதும் நின்ற நிலையிலிருந்தே வீசப் பழகினால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அசைவு கிடைக்கும். பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

அறிகுறி: அடுத்தடுத்த நாளில் அடி

ஆட்டப் பட்டியலை எடுத்து, ஓய்வு நாள் 0, 1, 2 என்று மூன்றாகப் பிரித்து வேகத்தைப் பாருங்கள். ஓய்வில்லாத நாளில் ஒரு மைல் குறைந்தால் பிட்சரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பாருங்கள். ஒரே இன்னிங்ஸில் 30 பந்து வீசியவரை மறுநாள் இறக்கக் கூடாது. நான்கு நாளில் மூன்று ஆட்டம் எல்லை. எந்தத் தளத்திலும் பதிவாகாத ஒரு சுமையும் இருக்கிறது. ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பெனில் எழுந்து 25 பந்து வீசி உடம்பைச் சூடாக்கி, ஆட்டத்துக்குள் போகாமலே உட்கார்ந்துவிடுவது. கணக்கில் அன்று ஓய்வு என்றிருக்கும், தோளுக்கு ஓய்வில்லை.

அறிகுறி: "ஒன்பதாவது இன்னிங்ஸில் நெஞ்சுரம் இல்லை"

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள், இதற்குத்தான் சான்று மிகக் குறைவு. சேவ் வாய்ப்பில் எண், மற்ற நேரத்தில் எண் என்று பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 15 இன்னிங்ஸ் தேறும். அதை வைத்து ஒருவருடைய மனத்தை எடைபோட முடியாது.

பிராட் லிட்ஜை நினைத்துப் பாருங்கள். 2005 அக்டோபர், நேஷனல் லீக் இறுதித் தொடர், ஐந்தாவது ஆட்டம், ஹியூஸ்டன் உலகத் தொடருக்கு ஒரே ஸ்ட்ரைக் தூரத்தில் நின்றிருந்தது. சற்று நேரத்தில் ஆல்பர்ட் புஹோல்ஸ் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தைப் புரட்டியது. 2006-இல் லிட்ஜின் ஈ.ஆர்.ஏ. 5.28. அந்த அடியால் மனம் உடைந்தவர் என்று ஊரே முத்திரை குத்தியது. ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறிய 2008-இல் பருவத்தில் 41-க்கு 41, பிந்தைய ஆட்டங்களையும் சேர்த்து 48-க்கு 48 சேவ், உலகத் தொடர் வெற்றிப் பந்தும் அவருடையது. அடுத்த ஆண்டே 7.21 ஈ.ஆர்.ஏ., 11 சேவ் தவறியது. நெஞ்சுரம் ஒரு குளிர்காலத்தில் வந்து அடுத்த குளிர்காலத்தில் போகுமா? உடம்பும் பந்தும்தான் மாறின.

இருந்தாலும் கொஞ்ச நாள் ஒன்பதாவதிலிருந்து ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸுக்கு இறக்குவதில் தவறில்லை. தண்டனையாக அல்ல. மூன்று ரன் பின்தங்கிய ஆட்டத்தில் புதுப் பிடியைச் சோதிக்கலாம், ஒரு ரன் முன்னிலையில் முடியாது. ஜாஷ் ஹேடர் 2022 ஆகஸ்டில் சான் டியேகோவுக்கு வந்ததும் நொறுங்கி, சில வாரம் குளோசர் இடத்தை இழந்தார். அந்தப் பருவ ஈ.ஆர்.ஏ. 5.22, அடுத்த பருவம் 1.28.

எவ்வளவு காத்திருப்பது, பிறகு என்ன செய்வது

ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஏறத்தாழ 70 பேட்டருக்குள் நம்பத்தக்கதாகிவிடும். வாக் விகிதத்துக்கு 170 வேண்டும். மைதானத்துக்குள் விழும் பந்தின் ஹிட் விகிதத்துக்கு ஒரு பருவம் போதாது, பல பருவம் வேண்டும். ஆகவே ஸ்ட்ரைக்அவுட் 30-இலிருந்து 20 சதவீதத்துக்குச் சரிந்து ஆறு வாரம் ஆகிவிட்டால் பொறுமைக்கு இடமில்லை. ஹிட் மட்டும் கூடியிருந்தால் செப்டம்பர் வரை பொறுக்கலாம்.

முடிவு எடுக்கும்போது ரசிகர்கள் மறப்பது ஒப்பந்த விதிகளை. சிறு லீக்குக்கு அனுப்ப அவரிடம் ஆப்ஷன் (நீக்காமல் சிறு லீக்குக்கு அனுப்பும் உரிமை) மீதி இருக்க வேண்டும். ஒரு வீரருக்கு மூன்று ஆப்ஷன் ஆண்டு, ஓராண்டில் அதிகபட்சம் ஐந்து முறை அனுப்பலாம். அனுப்பிய பிட்சர் வழக்கமாக 15 நாளாவது அங்கே இருக்க வேண்டும், வேறொருவர் காயப் பட்டியலுக்குப் போனால் முன்பே அழைக்கலாம். பெரிய லீக்கில் ஐந்தாண்டு சர்வீஸ் முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பவே முடியாது. ஓராண்டு சர்வீஸ் என்பது 172 நாள்.

ஆப்ஷன் தீர்ந்தவருக்கு மிஞ்சுவது டி.எஃப்.ஏ. அதாவது 40 பேர் பட்டியலிலிருந்து நீக்கி, ஏழு நாளுக்குள் விற்பது, வெய்வரில் (மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளும் பட்டியலில்) போடுவது, விடுவிப்பது ஆகியவற்றில் ஒன்றைச் செய்வது. வெய்வரில் எடுக்கும் அணி மீதிச் சம்பளம் முழுவதையும் ஏற்க வேண்டும். எவரும் எடுக்காமல் விடுவிக்கப்பட்டால், அடுத்த அணி லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தை நாள் கணக்கில் கொடுத்தால் போதும், மற்றது பழைய அணியின் தலையில். "10 மில்லியன் வாங்குபவரை யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று எதிர்பார்ப்பது இதனால்தான் பலிப்பதில்லை. மற்ற அணிகள் காத்திருந்து மலிவாக எடுக்கும். மூன்றாண்டு சர்வீஸ் உள்ளவர் சிறு லீக்கை மறுத்து வெளியேறலாம். ஆனால் ஐந்தாண்டு முடியாமல் வெளியேறினால் மீதிச் சம்பளம் போய்விடும். பலர் மறுக்காமல் சிறு லீக்குக்குப் போவதற்கு அதுதான் காரணம்.

லியம் ஹெண்ட்ரிக்ஸை 2018 ஜூனில் ஓக்லண்ட் டி.எஃப்.ஏ. செய்தது. மற்ற அணிகளில் ஒன்று கூட அவரைக் கேட்கவில்லை. சிறு லீக்கில் வீசி செப்டம்பரில் திரும்பினார். 2019-இல் ஈ.ஆர்.ஏ. 1.80, ஆல்-ஸ்டார். 2021 தொடக்கத்தில் ஒயிட் சாக்ஸோடு மூன்றாண்டுக்கு 54 மில்லியன் டாலர். அந்த ஜூனில் அவரைக் கேட்டிருந்தால் ஓர் அணிக்குச் செலவு அவருடைய மீதிச் சம்பளம் மட்டும்தான்.

உங்கள் அணி அப்படி ஒருவரை டி.எஃப்.ஏ. செய்யும் நாளில், அல்லது வேறு அணி விட்டவரை உங்கள் அணி எடுக்கும் நாளில், மூன்று எண்களை வரிசையாகப் பாருங்கள். இந்த மாத ஃபாஸ்ட்பால் வேகம், பந்து படாமல் போகும் விகிதம், முதல் பந்து ஸ்ட்ரைக். மூன்றும் நன்றாக இருந்தால் எடுத்த அணி கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது. முதல் இரண்டு நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால் நல்ல பயிற்சியாளர் உள்ள அணிக்கு அவர் பொருந்துவார். முதல் எண்ணே இறங்கியிருந்தால், ஈ.ஆர்.ஏ. 2.50 இருந்தாலும், மருத்துவ அறிக்கை பார்க்காமல் கைதட்டாதீர்கள்.